ஹம் போவதற்காக எர்த் பின்னை எடுக்காதீர்கள்: பேஸ் கிடார் கலைஞர்களுக்கும் மைக்செட்காரர்களுக்கும்

ஆடி பிறந்தால் சேலத்தில் தெருவுக்குத் தெரு மேடை. கோடையில் ஏற்காட்டில் கோடை விழா. இந்த மேடைகளில் பேஸ் கிடார் வாசிப்பவர் ஜாக்கைச் சொருகியதும் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் எழுவது வாடிக்கை. "அண்ணே, ஹம் அடிக்குதுங்க" என்பார். மைக்செட் அண்ணன் வந்து, ஆம்ப்ளிஃபையரின், அதாவது ஆம்ப்பின், த்ரீ பின் பிளக்கில் இருக்கும் தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடுவார். இல்லையென்றால் டூ பின் அடாப்டர் ஒன்றைப் போடுவார். சில இடங்களில் பிளக்கையே வெட்டி, இரண்டு ஒயரை மட்டும் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி செருகி நிறுத்துவார்கள். உறுமல் நின்றுவிடும், கச்சேரி தொடங்கிவிடும்.

அந்த நிமிடம் முதல் மேடையிலேயே ஆபத்தான பொருள் பேஸின் கம்பிகள்தான். கம்பி, அதைத் தாங்கும் உலோகத் தகடான பிரிட்ஜைத் தொடுகிறது. பிரிட்ஜிலிருந்து ஓர் ஒயர் ஜாக்கின் ஸ்லீவுக்கு, அதாவது வெளி உலோகத்துக்குப் போகிறது. அங்கிருந்து கேபிளின் ஷீல்டு (வெளி உலோகப் பின்னல்) வழியாக ஆம்ப்பின் இரும்புப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து எர்த் பின்னுக்கும் தொடர்பு. பின்னை எடுத்துவிட்டால் பெட்டிக்கும் தரைக்கும் உள்ள நேர்வழி அறுந்துபோகிறது. ஆம்ப்புக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போனாலோ, மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் விலகிப் பெட்டியைத் தொட்டாலோ, 230 வோல்ட் முழுதாகக் கம்பிக்கு வரும். வாசிப்பவர் கை கம்பியில், உதடு மைக்கில். மைக்கின் வலைக்கூடு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கிறது. வியர்த்த கையோடு இருப்பவரின் உடல் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கினால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாக ஓடும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

"லேசா சுருக்குனு இருக்கு, அவ்வளவுதான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எடை குறைந்த புது ஆம்ப்களில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை இருக்கும். அதன் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இணைந்திருப்பதால், எர்த் இல்லாதபோது பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுருக்கோடு நிற்கிறது. அந்தச் சுருக் எர்த் இல்லை என்பதற்கான அத்தாட்சி. உண்மையான பழுது வரும் நாளில் அது சுருக்கோடு நிற்காது.

மேடையேறும் முன் 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றால் இரண்டு அளவு எடுக்கலாம். மீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை மைக்கின் வலைக்கூட்டில், மறுமுனை பேஸின் கம்பியில். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரும் வாயை மைக்கில் வைக்க வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கச்சேரி காத்திருக்கட்டும். இரண்டாவது அளவு சாக்கெட்டில்: ஃபேஸ், நியூட்ரல் இடையே 230 பக்கம், ஃபேஸ், எர்த் இடையேயும் அதே அளவு, நியூட்ரல், எர்த் இடையே சில வோல்ட்தான் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நூறு, நூற்றிருபது என்று நிலையில்லாமல் ஆடினால், அந்த எர்த் ஓட்டை வெறும் ஓட்டைதான். சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி, "விழுது, அப்ப எர்த் இருக்கு" என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேலை செய்வது, எர்த்தே இல்லாவிட்டாலும் விழும். ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் நியூட்ரலும் ஜெனரேட்டர் பாடியும் தரையில் அடித்த எர்த் ராடோடு இணைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெட்டியில் மின்சாரம் கசிந்தாலும் ஆர்.சி.சி.பி. அசையாமல் இருக்கக்கூடும்.

சரி, ஹம் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்கக் கையே போதும், எர்த் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு. வால்யூமை முழுதாக வைத்துக் கம்பியைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் பேஸுக்குள் எர்த் ஒயரிங் சரி. கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் பிரிட்ஜ் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. கம்பியைத் தொட்டதும் அதிகமானால் ஜாக்கில் டிப் (முனை), ஸ்லீவ் ஒயர்கள் மாறியிருக்கலாம். எதையும் தொடாமல் நின்ற இடத்திலேயே திரும்புங்கள். திசைக்கேற்ப உறுமல் கூடிக் குறைந்தால், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை, கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்கப் வாங்குகிறது; ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகையில் இது நடக்கும். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் மாடல் வகையில் இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் ஹம் திரும்பும், அது அந்த வடிவமைப்பின் இயல்பு. பிரெசிஷன் பேஸ் மாடல் வகையில் 1957 முதல் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எப்படித் திரும்பினாலும் மாறாத ஹம், பேஸை ஆம்ப்போடு மட்டும் வைத்தால் இல்லை, ஆம்ப்பிலிருந்து மிக்ஸருக்குக் கேபிள் போட்டதும் வருகிறது என்றால் அது எர்த் லூப். ஆம்ப்புக்கு மேடையில் ஓர் எர்த், மிக்ஸருக்கு மண்டபத்தின் கடைசியில் ஓர் எர்த், நடுவே கேபிளின் ஷீல்டு. பின்னை எடுத்தால் இந்த வளையம் அறுவதால்தான் ஹம் நிற்கிறது. அதே வளையத்தை ஆபத்தில்லாமல் அறுக்க, பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும் விலக்கும், மெயின் எர்த்தைத் தொடாது. அல்லது ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். பேஸ் வாசிப்பவர் பையில் டி.ஐ. பாக்ஸ் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் மேடைக்கு வராது.

இந்த ஹம் காதுக்கு எரிச்சல் தருவதோடு நிற்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உறுமலில் 50-உம் 100-உம் இருக்கும். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98. அந்த ஜி-யை நீட்டிப் பிடித்தால் ஹம்மோடு மோதி, நொடிக்கு ஒன்றிரண்டு முறை அலையும். ட்யூனர் சரியென்கிறது, ஆனால் ஜி ஸ்வரம் மட்டும் சுருதி சேராதது போலக் கேட்கிறது என்று கொண்டுவரும் பேஸ்களில் இதையும் பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் ஒயர் பழுது கடைக்குப் போகாமலே சரி செய்யக்கூடியது. கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால், மரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் ஒயரின் இழைகள் கறுத்துப் பொடிந்திருப்பது தெரியும். கறுத்ததை வெட்டி, புதிதாக 2 சென்டிமீட்டர் தோலுரித்து, இழைகளை விசிறி போல விரித்து வையுங்கள். பிரிட்ஜின் அடியில் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மூடுங்கள். கம்பி உட்காரும் சேடிலுக்கும் ஜாக்கின் ஸ்லீவுக்கும் இடையே மீட்டர் ஓர் ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

ஜாக்கின் நட் தளர்ந்தால் உடனே இறுக்குங்கள், ஆனால் உள்ளிருக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டு. பிடிக்காமல் சுற்றினால் ஜாக்கே சுழன்று ஒயரை முறித்துவிடும். கேபிளைச் சொருகி, வால்யூமைத் திறந்து, மறுமுனையின் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் இடையே அளந்தால் பேஸைத் திறக்காமலே பிக்கப்பின் நிலை தெரியும். பாஸிவ் (பேட்டரி இல்லாத) பிரெசிஷன் வகையில் 10 கிலோ ஓம் பக்கம் வரும், ஜாஸ் பிக்கப் ஒன்று தனியாக 7 பக்கம். 250 கிலோ ஓம் காட்டினால் பிக்கப்பின் சுருள் அறுந்து, வால்யூம் குமிழின் பாட் மட்டும்தான் மீட்டரில் தெரிகிறது. ஆக்டிவ் பேஸில் இந்த அளவு செல்லாது. அதில் முதலில் பார்க்க வேண்டியது 9 வோல்ட் பேட்டரி. 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். அழுத்தி அடிக்கும் ஸ்வரம் பிசிறுவதுதான் அது தீர்வதற்கான முதல் அறிகுறி. கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கழற்றுங்கள்.

சர்ச்சுகளில் பாஸிவ் பேஸை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகிவிட்டு, "சத்தம் செத்துப்போயிருக்கு, பேஸை மாத்தணும்" என்கிறார்கள். லைன் இன்புட்டின் மின்தடை பெரும்பாலும் 10 கிலோ ஓம்தான், பிக்கப்பும் அதே 10. சிக்னலில் பாதி அங்கேயே போகிறது, மேல்ஸ்தாயித் தெளிவும் கூடவே போகிறது. பிக்கப்புக்கு எதிரே 1 மெகா ஓம் இருந்தால்தான் அது முழுதாகப் பேசும். மிக்ஸரில் 'ஹை இசட்' (உயர் மின்தடை) பட்டன் இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் ஆக்டிவ் டி.ஐ. வாங்குங்கள். அந்தப் பணம் புது பேஸின் விலையில் சிறு பகுதிதான்.

டோன் கெபாசிட்டரில் 473 என்று அச்சிட்டிருந்தால் 0.047 மைக்ரோஃபாரட், பேஸுக்கு வழக்கமான அளவு. ஒலி இன்னும் மங்கலாக வேண்டுமென்றால் 104, அதாவது 0.1. பாஸிவ் சர்க்யூட்டில் அளவுதான் பேசும். ஆரஞ்சு நிறக் கெபாசிட்டருக்குப் பத்து மடங்கு கொடுப்பதைவிட அந்தப் பணத்தைக் கம்பிக்குப் போடலாம்.

கம்பிக்கு வருவோம். வழக்கமான செட்டின் தடிமன், இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 45 முதல் 105 வரை. நிக்கல் பூசிய எஃகு மென்மையான ஒலி. எவர்சில்வர் சுற்றிய கம்பி பளிச்சென்று இருக்கும், வியர்வையைத் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். மெல்லிசைக்கும் சர்ச்சுக்கும் தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்டு போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் வாசித்துவிட்டு அப்படியே பைக்குள் வைத்தால் உருண்டை இழை சுற்றிய ரவுண்டுவவுண்டு கம்பி சீக்கிரம் செத்துவிடும், உலர்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பழைய கம்பியைக் கொதிக்க வைக்கும் பழக்கத்தைவிட, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஒரு நாள் ஊறவைப்பது மேல். போர்வெல் தண்ணீரில் கொதித்தால் சுற்றுகளுக்கிடையே உப்புப் படியும். புதுக் கம்பி மாட்டும்போது, முறுக்காணிக்கு அப்பால் 10, 12 சென்டிமீட்டர் விட்டு, முதலில் செங்குத்தாக மடக்கி, பிறகுதான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று நழுவி, அந்தக் கம்பி கடைசிவரை மந்தமாகவே ஒலிக்கும்.

ஏற்காட்டுக்குக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி சற்று ஏறி நிற்கும். பையைத் திறந்து அரை மணி நேரம் விட்டுப் பிறகு சுருதி சேருங்கள். மேடை விளக்குச் சூட்டில் அது மறுபடி இறங்கும். மூடுபனி இரவில் பேஸை ஸ்டாண்டில் திறந்து வைக்காதீர்கள், காலையில் ஜாக்கும் கம்பியும் ஈரம் கோத்திருக்கும். மலையிலேயே இருக்கும் பேஸில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நெக்கைப் பாருங்கள். ஈரத்தில் அது எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும், அதனால் அளந்துதான் தீர வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதிகமானால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும், பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுக்கின்றன. சரியாகப் பொருந்தாத ஆலன் கீயால் முறுக்கினால் ராடின் வாய் மழுங்கிவிடும், பிறகு நெக்கையே மாற்ற வேண்டி வரும்.

கடைசியாக மண்டபத்து ஈக்யூ, அதாவது ஒலியில் எதை ஏற்றுவது, எதைக் குறைப்பது என்பது. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். மைக்செட்டில் இருக்கும் பல ஸ்பீக்கர்கள் அதைத் தருவதே இல்லை, 82-இல் வரும் இரண்டாம் ஒலியைக் கேட்டுக் காதுதான் அடி ஸ்வரத்தை நிரப்பிக்கொள்கிறது. அதனால் பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினால் ஆம்ப்பின் சக்தி வீணாகும், ஸ்பீக்கர் கோன் அடிபடும், ஸ்வரம் தெரியாது. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள மண்டபத்தில் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, 700, 800 பக்கம் சற்று ஏற்றுங்கள். சவுண்ட் செக் நடக்கும்போது காலியாக இருந்த மண்டபம் ஆட்கள் நிறைந்ததும் மேல்ஸ்தாயியை உறிஞ்சிவிடும். முதல் பாட்டு முடிந்ததும் யாரையாவது பின்வரிசையில் நின்று கேட்கச் சொல்லி, 700-ஐ மட்டும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.