பக்கத்து வீட்டுக்காரர் இடம் விடாமல் கட்டுகிறாரா? கான்கிரீட் போடுவதற்குள் மனு கொடுங்கள்

எங்கள் டெல்டா ஊர் ஒன்றில் ஓர் அம்மா எட்டு மாதம் மஞ்சள் பையோடு அலைந்தார். பக்கத்து மனையில் எழும்பிய மாடியின் சன்ஷேட் தண்ணீர் நேராக அவர் அடுப்படிச் சுவரில் விழுகிறது. ஐப்பசி அடைமழையில் சுவர் ஊறி, விரலால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிர்ந்தது. போன இடமெல்லாம் ஒரே பதில்: "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க." மனுவை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே "என் இடத்தை ஆக்கிரமித்து" என்று தொடங்கியது. காரியம் அங்கேயே கெட்டுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் உங்கள் இடத்துக்குள் வந்திருந்தால்தான் ஆக்கிரமிப்பு. அதற்கு சர்வேயர் அளக்க வேண்டும், முடியாவிட்டால் சிவில் கோர்ட். அவர் தன் இடத்திலேயே, ஆனால் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால் அது செட்பேக் மீறல். இது உங்கள் இருவருக்குமான தகராறே இல்லை, கட்டட விதி மீறல். கேட்க வேண்டியது உள்ளாட்சி அலுவலகம். அதனால் மனுவில் எல்லை, பாகப்பிரிவினை, முன்விரோதம் என்று எதையும் எழுதாதீர்கள். "2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி விட வேண்டிய பக்க இடம் விடாமல், அனுமதி வரைபடத்துக்கு மாறாகக் கட்டப்படுகிறது" என்பது போதும். ஆக்கிரமிப்பு, செட்பேக் மீறல் இரண்டும் இருந்தால் இரண்டு தனி மனு.

எத்தனை அடி விட வேண்டும் என்பது ரோட்டின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் எல்லாவற்றையும் பொறுத்தது. டீக்கடையில் கேட்ட "மூணு அடி" கணக்கை மனுவில் ஏற்றாதீர்கள். இன்னொன்று, சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத் தெருவும் கடைத்தெருவும் தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். அங்கே பக்க இடம் கேட்டால் மனு நிற்காது. முதலில் உங்கள் தெரு அதில் வருகிறதா என்று விசாரியுங்கள்.

"ஆன்லைன் அப்ரூவல் இருக்குங்க" என்பார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனால் அந்த அனுமதி, கொடுத்த வரைபடத்துக்கு மட்டும்தான். கட்டடம் அதை மீறினால் மீறல்தான்.

மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, கிராமம் என்றால் ஊராட்சித் தலைவருக்கு, தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலருக்கு. தலைவர் பெரும்பாலும் கட்டுகிறவருக்கு மாமனோ மச்சானோதான். எனவே பி.டி.ஓ.வுக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். உங்கள் பெயர் அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தயாராக இருங்கள்.

பில்லர் எழும்பும்போதே டேப் பிடித்து, தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டைத் தொட எந்த அதிகாரிக்கும் மனசு வராது.

மனுவைக் கையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவும், முதல்வர் உதவி மையமான 1100க்குச் சொல்லும் புகாரும் சுற்றிச் சுற்றி அதே மேஜைக்குத்தான் வரும். "நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று செல்போனுக்கு வரும் செய்தியோடு கணக்கை முடித்துவிடுவார்கள். மனு எண் கிடைத்த மட்டும் லாபம்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதி எண், நாள், என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்று கேளுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் அதையே சாக்காக வைத்துத் தட்டிக் கழிப்பார்கள். வரைபட நகலை மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்தால், அனுமதித்த மாடிகள் எத்தனை, நான்கு பக்கமும் விடச் சொன்ன இடம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 57ஆவது பிரிவு வேலையை நிறுத்த, 56 அகற்ற. எதிலே நோட்டீஸ் என்று பாருங்கள். கட்டுகிறவர் அரசுக்கு மேல்முறையீடு செய்வார், ஃபைல் தூங்கும். கடைசி வழி ஹைகோர்ட். கும்பகோணத்துக்காரர் மதுரைக்குப் போக வேண்டும், அடுத்த ஊரான மயிலாடுதுறைக்காரர் சென்னைக்கு. அங்கே நாம் முதலில் கேட்பது, இத்தனை வாரத்தில் என் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள் என்பதைத்தான். முத்திரை வாங்கிய அந்த நகல் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

அந்த அம்மா மனுவை மாற்றி எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் டேப்போடு ஒருவர் வந்தார். அவர் முதலில் அளந்தது இந்த அம்மாவின் வீட்டை. நல்லவேளை, அது எப்போதோ கட்டிய வீடு என்று காட்ட, பழைய வீட்டு வரி ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.