சர்க்கரைக்கொல்லியும் மூன்று மாதச் சர்க்கரையும்

நீலகிரி மசினகுடியில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அக்கா வேலிக்கொடியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளி, "மென்னு பாருங்க தம்பி" என்றார். லேசான கசப்பு. அப்புறம் ஒரு ஸ்பூன் சீனியை வாயில் போடச் சொன்னார். மணலை மெல்வது போல இருந்தது. "பாத்தீங்களா, சர்க்கரையைக் கொன்னுடுச்சு" என்று சிரித்தார்.

சிறுகுறிஞ்சான் அது. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். உண்மையில் சீனிக்கு ஒன்றும் ஆகவில்லை. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கின்றன. சீனி வந்தாலும் மூளைக்குச் சேதி போகாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் சுவை திரும்பிவிடும். ஆனால் விழுங்கிய சீனி ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும்.

இந்த இலைச்சாறு குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதை மந்தப்படுத்துகிறது, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதற்காக இலையை ஒதுக்கச் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையின் பூர்வீகமே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் இலையையும் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம், அது வேறு ஆபத்து.

அக்கா தன் ரிப்போர்ட்டைக் காட்டினார். மூன்று மாதச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, குறைந்திருந்தது. இலையின் புண்ணியம் என்றார்.

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அத்தனை நாளும் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் அதன் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகும். ஒட்டியது அணு சாகும்வரை போகாது. நூற்றில் எத்தனை பங்கு ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஆக, கணக்கு முழுக்க அணுவின் ஆயுளை நம்பி நிற்கிறது. ஆயுள் குறைந்தால் ஒட்டுவதற்கு நாள் போதாது. சர்க்கரை அப்படியே இருந்தாலும் எண் இறங்கிவிடும். எந்தக் காரணத்தால் அணுக்கள் சீக்கிரம் உடைந்தாலும் இதே கதைதான்.

நீலகிரியில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்குள்ள பழங்குடியினரிடம் அரிவாள் அணு, அதாவது சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு, இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் பதிவு செய்தார்கள். அந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். அவர்களிடம் ஹெச்பிஏ1சியை நம்பவே முடியாது. விரல்நுனிச் சோதனையோ, இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தச் சோதனையோதான் உதவும். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு நேர்மாறு, எண்ணை ஏற்றிக் காட்டும். சாப்பாட்டோடு கடும் டீ குடித்தால் ராகியிலும் கீரையிலும் உள்ள இரும்பு சரியாக உடம்பில் சேராது. தேயிலை மலையில் இதை யாரிடம் போய்ச் சொல்வது!

"காலையில வெறும் வயித்துலயும் ஒரு தடவை பாத்துடுங்கக்கா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு டீ கொண்டுவந்தார். சீனி போட்டிருந்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.