இல்லாத ஆளுக்கு யார் ஜாடை?

குழந்தை பிறந்த வீட்டில் முதல் பேச்சே ஜாடைதான். மூக்கு அப்பா, நெற்றி பாட்டி, காது மட்டும் தாய்மாமன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கணினி உருவாக்கும் முகங்களையும் இந்த ஜாடையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

2018 டிசம்பரில் கணினிச் சிப் நிறுவனமான என்விடியாவின் ஆய்வாளர்கள் ஸ்டைல்கான் என்ற முறையை வெளியிட்டார்கள். அதற்குள் இரண்டு நரம்பு வலைகள், அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் கணினி நிரல்கள், போட்டி போடுகின்றன (இயன் குட்ஃபெல்லோவும் கூட்டாளிகளும் 2014-ல் சொன்ன யோசனை இது). ஒன்று முகம் வரையும், இன்னொன்று அது அசல் போட்டோவா போலியா என்று கண்டுபிடிக்கும். மாட்டிக்கொள்ள மாட்டிக்கொள்ள வரைவது தேறும், பிடிப்பதற்கும் கண் கூர்மையாகும். பழகக் கொடுத்தது ஃபிளிக்கர் என்ற போட்டோ பகிரும் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகப்படங்கள்.

பழகி முடிந்ததும் அந்தப் படங்கள் தேவையில்லை. 512 எண்கள் கொடுத்தால் ஒரு முகம் வரும், அவ்வளவுதான். எண்களைத் துளி நகர்த்தினால் முகமும் துளி மாறும். இரண்டு முகங்களின் எண்களுக்கு நடுவே போய் நின்றால் இருவர் ஜாடையும் கலந்த மூன்றாவது ஆள் வருவார். முகவெட்டும் தலை திரும்பிய பக்கமும் ஒருவரிடம், தோல் நிறமும் முடி நிறமும் இன்னொருவரிடம் என்றுகூட எடுத்துக் கலக்கலாம். காதில்தான் பல சமயம் மாட்டிக்கொள்ளும்: ஒரு பக்கம் தொங்கட்டான், மறுபக்கம் கல் தோடு.

சரி, நம் முகத்துக்கான எண்கள் எவை? போட்டோவைக் கொடுத்தால் அதற்கு மிக அருகில் வரும் எண்களைத் தேட முடியும். நான் என் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வந்தவருக்கு என் கண், என் சிரிப்பு, ஆனால் இடது கன்னத்து மச்சம் இல்லை, நிறமும் ஒரு படி வெளுத்திருந்தது. அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, நம்ம சித்தப்பா வகையில யாராவதா?" என்றார்.

2020-ல், மங்கலான முகப்படத்தைத் தெளிவாக்கும் பல்ஸ் என்ற கருவியிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. பல்ஸும் ஸ்டைல்கானுக்குள்தான் முகம் தேடுகிறது. மங்கிய படத்துக்குப் பொருந்தும் முகங்கள் ஏராளம், அதில் அந்த 70,000 பேரில் யார் ஜாடை அதிகமோ அந்தப் பக்கமே அது சாய்கிறது. அதனால் மங்கலான சிசிடிவி படத்தை இப்படித் தெளிவாக்கி "ஆள் இவர்தான்" என்று யாராவது காட்டினால் தயவுசெய்து நம்பாதீர்கள், அது வரைந்த முகம்.