படிகாரம் போட்டால் பாஸ்பரஸ் எங்கே போகும்?

ஐப்பசியில் தாமிரபரணி கலங்கி வரும்போது ஆச்சி குடத்துத் தண்ணீரில் படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றி எடுப்பாள். காலையில் மேலே தெளிவு, அடியில் வண்டல். தெளிவை மொண்டுவிட்டு வண்டலை வாழை மூட்டில் ஊற்றிவிடுவாள். கழிவுநீரில் பாஸ்பரஸ் எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். என்ன, அங்கே வாழை மூடு கிடையாது.

சிறுநீர், மலம், சலவைத்தூள் வழியாகச் சாக்கடைக்கு வரும் பாஸ்பரஸ் அப்படியே ஆற்றில் கலந்தால், அமலைச் செடிக்கு, அதாவது ஆகாயத்தாமரைக்கு, ஓசி உரம். நைட்ரஜனையாவது பாக்டீரியா வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. தண்ணீரை விட்டு அது போகவேண்டுமென்றால் கசட்டுக்குள்தான் போகவேண்டும்.

அதற்குத்தான் படிகாரத்தின் உறவான அலுமினிய சல்பேட்டோ, இரும்பு உப்பான பெரிக் குளோரைடோ விடுகிறார்கள். தண்ணீரில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பாஸ்பேட்டாகத்தான் இருக்கும்; அதை இரும்பு பிடித்துக் கரையாத துகளாக்கும். துகள் அடியில் தங்கும். ஆனால் போட்ட இரும்பெல்லாம் பாஸ்பேட்டைத் தேடிப் போவதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து துருநிறக் கூழாகிவிடும். அதுவும் கசடுதான்.

தினமும் 10 லட்சம் லிட்டர் வரும் ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 மில்லிகிராம் பாஸ்பரஸை 1 ஆகக் குறைத்தால், எடுப்பது 5 கிலோ. தேவைக்கு ஒன்றரை மடங்கு இரும்பு என்றால் 40 சதவீதப் பெரிக் குளோரைடு கரைசல் சுமார் 100 கிலோ போகும். கூடுதல் கசடு, காய்ந்த எடையில் 33 கிலோ. காய்ந்தா வருகிறது? பிழிந்த பிறகும் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்; லாரியில் ஏறுவது 165 கிலோ. பிழிவதற்குக் கசட்டைத் திரட்டும் பாலிமர், மின்சாரம், அப்புறம் லாரி வாடகை. ரசாயன விலையை மட்டும் வைத்துச் செலவு சொல்கிறவர் பாதிக் கணக்குத்தான் சொல்கிறார்.

1 மில்லிகிராமுக்கும் கீழே இறக்கச் சொன்னால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் பாஸ்பேட் குறையக் குறைய, ஒவ்வொரு கிலோவுக்கும் இரும்பு கூடிக்கொண்டே போகும், கூழும் பெருகும். இரும்பு உப்பு தண்ணீரின் காரத்தன்மையையும் தின்பதால், சில இடங்களில் சுண்ணாம்பு வேறு வாங்கவேண்டிவரும்.

சரி, கசட்டை வயலில் போடலாமே? இரும்போடு கட்டுண்ட பாஸ்பரஸ் புஞ்சைப் பயிருக்குச் சட்டென்று கிடைக்காது. தண்ணீர் கட்டிய நெல்வயலில், காற்றில்லாத சேற்றில் இரும்பின் பிடி தளர்ந்து கொஞ்சம் வெளியே வரும். ஆனால் ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்காமல் வயலில் கொட்டமுடியாது. அந்தச் சோதனைக்கும் காசு வேண்டும்.