பிளக் இருக்கும் இடத்தில் அல்ல, வேலை நடக்கும் இடத்தில்

வயரிங் வேலைக்காக ஒரு வீட்டுக் குசினிக்குள் நுழைந்தால் நான் முதலில் தரையையும் கதவடியையும் பார்ப்பேன். அங்கே ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் குசினியில் பொருட்கள் தவறான இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் நல்லூரில் ஆனாலும் சரி, கரவெட்டியில் ஆனாலும் சரி, பெரும்பாலும் இதே கதைதான்.

காரணம் எளிது. நமது பழைய குசினிகள் விறகடுப்புக்காகக் கட்டப்பட்டவை. வீட்டின் தென்கிழக்கு மூலையில் புகைக்கூடு, பின்பக்கத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும், அதற்கப்பால் கிணறு. மின்சாரம் வந்தபோது ஒரு பல்பும் வாசலருகே ஒரு பிளக்கும் போதுமாக இருந்தன. பிறகு காஸ் அடுப்பு வந்தது, கிரைண்டர் வந்தது, ரைஸ் குக்கர், மின்கேத்தில், குளிர்சாதனப்பெட்டி, மைக்ரோவேவ் எல்லாம் வந்தன. சுவர் மாறவில்லை, பிளக்கும் மாறவில்லை. 2022இல் காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகளில் விறகடுப்பு மீண்டும் எரிந்தது. மின்அடுப்பும் கூடவே சேர்ந்தது. இன்று எட்டுக்குப் பத்தடி அறை ஒன்றில் விறகு, காஸ், மின்சாரம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கோண்டாவிலில் ஒரு வீடு. வயதான அம்மா தனியாகச் சமைக்கிறார். "தம்பி, இந்த வயரை இன்னும் கொஞ்சம் நீட்டித் தந்தால் போதும், வேறு வேலை வேண்டாம்" என்றார். வாசலருகே இருந்த பழைய வட்டமுனைப் பிளக்கில் ஒரு அடாப்டர், அதில் ஒரு மல்டி பிளக், அதிலிருந்து கேத்திலுக்கும் ரைஸ் குக்கருக்கும் கிரைண்டருக்கும் வயர்கள். அந்த வயர் சிங்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனது. "அம்மா, வயரை நீட்டித் தரமாட்டேன், பிளக்கைத்தான் உங்களிடம் கொண்டுவரப் போகிறேன்" என்றேன். அரை நாள் வேலை. அடுப்புக்கு எதிர்ப்பக்கத்து மேசைக்கு மேலே இரண்டு பிளக்குகள் போட்டோம், அவற்றுக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயரும் இழுத்தோம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கு அப்படி. நமது மின்சாரம் 230 வோல்ட். பழைய சிறிய வட்டமுனைப் பிளக் 5 அம்பியருக்கானது. அது தாங்குவது 1150 வாட். 2000 வாட் கேத்தில் ஒன்று மட்டும் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அடாப்டரின் மேல்பக்கம் சதுரமுனை என்பதால் எதையும் செருகலாம் என்று தோன்றுகிறது. கீழே இருப்பது அதே 5 அம்பியர் முனைதான். இன்றைய 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கின் எல்லைகூட 3000 வாட்டுக்குச் சற்றுக் குறைவுதான். கேத்திலையும் மைக்ரோவேவையும் ஒரே மல்டி பிளக்கில் சேர்த்து ஓடவிட்டால் அந்த எல்லை போய்விடும். பிளக் சூடாக இருந்தால், நிறம் பழுத்திருந்தால், கருகிய மணம் வந்தால், அன்றைக்கே அதன் பாவனையை நிறுத்துங்கள்.

பிளக் சிங்கின் விளிம்பிலிருந்து குறைந்தது ஓரடியாவது தள்ளியிருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே சுவிட்ச் வைக்கவே கூடாது. அதை அணைக்க எரியும் தீக்கு மேலாகக் கை நீட்ட வேண்டியிருக்கும். மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் முதலில் அதற்குச் செலவழியுங்கள். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் அது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அடுத்தது காஸ். 2021இன் இறுதியில் நாடெங்கும் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு மக்கள் ரெகுலேட்டரையும் குழாயையும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் சிலிண்டர் நிற்கும் இடத்தை இன்னும் பலர் யோசிப்பதில்லை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு படரும், பள்ளத்தில் தேங்கும். மேலே யன்னல் திறந்திருப்பதால் மட்டும் அது போய்விடாது. டைல்ஸ் பதித்த மேடைக்குக் கீழே, அழகுக்காகக் கதவு பூட்டிய அலுமாரிக்குள் சிலிண்டரை வைப்பவர்கள், அந்தக் கதவின் அடியிலும் வெளிச்சுவரின் அடியிலும் காற்றுத் துளைகள் விட வேண்டும். சிலிண்டருக்குப் பக்கத்தில் குளிர்சாதனப்பெட்டி வேண்டாம். அதன் மோட்டார் தானாக இயங்கித் தானாக நிற்கும்போது எழும் சிறு பொறியே போதும். விறகடுப்பு எரியும் அறையில் சிலிண்டர் வைப்பதை நான் எந்த வீட்டிலும் ஏற்பதில்லை. வெளிச்சுவரோடு, வெயில் படாத இடத்தில், நிமிர்த்தி வைத்து, தகுதியான ஒருவரைக் கொண்டு குழாயை உள்ளே எடுங்கள். காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

வயரிங்குக்கு வெளியே ஒரு விடயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேசன்மார் எல்லா மேடையையும் 36 அங்குல உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் முழங்கை ஏறத்தாழ 38 அங்குலத்தில் இருக்கும். மேடையின் மேல் காஸ் அடுப்பு, அதன் மேல் புட்டுப்பானை. பானையின் வாய் அவருடைய தோளுக்கு வந்துவிடுகிறது. ஆவி முகத்தில் அடிக்கிறது, கொதிக்கும் சொதியைக் கிளறக் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. வெட்டும் மேடை முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே இருந்தால் வசதி. அடுப்பு நிற்கும் பகுதியை இன்னும் ஐந்தாறு அங்குலம் தாழ்த்துங்கள். ஏற்கனவே கட்டிய மேடையை உடைக்க வேண்டியதில்லை; அடுப்புக்கு மட்டும் உறுதியான, தாழ்ந்த தனி மேசை போடலாம். எரியாத மேற்பரப்பாக இருக்கட்டும்.

குளிர்சாதனப்பெட்டியை ஹோலில் வைத்திருப்பவர்களைச் சிலர் குறை சொல்வார்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் அதுவே சரி. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு ஆகாது. குசினி வாசலுக்கு மிக அருகே, மேற்கு வெயில் படாத சுவரில், பின்னால் நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கதவு தவறான பக்கம் திறக்கிறதா? பல மாதிரிகளில் பிணைச்சலை மறுபக்கம் மாற்றலாம். மைக்ரோவேவை அதன் தலையில் ஏற்றாதீர்கள். சூடான கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து.

அடுப்பு, சிங்க், குளிர்சாதனப்பெட்டி மூன்றுக்கும் இடையிலான முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்கு மிஞ்சக்கூடாது என்று வடிவமைப்புப் பாடங்களில் சொல்வார்கள். நல்ல அளவுதான். ஆனால் நமக்கு நான்காவது மூலை ஒன்று உண்டு: பின்கதவு. மீன் வெட்டுவதும் தேங்காய் துருவுவதும் பலருக்கு வெளியேதான். அந்தக் கதவுக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள வழியில் வயர், வாளி, சிலிண்டர் எதுவும் இருக்கக்கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழியும் அதுவே.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: பூச்சு வேலை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், ஒரு மாலையில், சமைப்பவரைக் கல்லுச்சுவருக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்துங்கள். "கிரைண்டரை எங்கே வைப்பீர்கள், கேத்தில் எந்தக் கைக்கு?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் சோக்கால் கோடு போட்டு, அதற்குப் பக்கத்தில் பிளக்கின் உயரத்தையும் எழுதிவிடுங்கள். மறுநாள் வயர்க்காரர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சுவரை வெட்டட்டும்.