45 மீட்டர் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள்

"தம்பி, கடலோர மேட்டு விளிம்பிலயிருந்து வீட்டுக்கு 45 மீட்டர் இருக்கு. வருசத்துக்கு ரெண்டு மீட்டர்தான் கடல் அரிக்குதாம். இருபத்திரண்டு வருசம் தாங்கும். அதுக்குள்ள நாங்களே போயிடுவம்."

இப்படிச் சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் காலமெல்லாம் உழைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிவிட்டு, லண்டன் வீட்டை விற்று மிச்சக் காலத்தைக் கடலைப் பார்த்துக்கொண்டு கழிக்க ஆசைப்படுகிற எங்கள் சனம். ஆசையில் பிழையே இல்லை. லண்டனில் ஒரு கராஜ் வாங்கும் காசுக்குக் கிழக்கு யோர்க்‌ஷயரில் தோட்டத்தோடு பங்களோ வருகிறது என்றால் யாருக்குத்தான் மனம் அசையாது? வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஆனால் இவர்களில் பலர் என்னைக் கூப்பிடுவது சாவி கைக்கு வந்த பிறகு. கடைசியாக வந்தவருடைய கேள்வி, பின்தோட்டத்தில் விழுந்த வெடிப்பைச் சீமெந்து போட்டு அடைக்கலாமா என்பது. அந்த வெடிப்பு கடலுக்குச் சமாந்தரமாக, பக்கத்து வேலியிலிருந்து அடுத்த வேலிவரை ஓடுகிறது. அதை அடைக்க எந்தச் சீமெந்தாலும் முடியாது.

முதலில் அந்த வகுத்தல் கணக்குக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு அதிக எரிச்சல் தருவது அதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளம்பரோ முனையிலிருந்து ஸ்பேர்ன் முனைவரை நீளும் ஹோல்டர்னஸ் கரை, ஐரோப்பாவிலேயே வேகமாக அரிபடும் கரைகளில் ஒன்று. பனியுகத்தில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன களிமண் மேடு அது. ரோமர் காலத்திலிருந்து ஊர் ஊராகக் கடலுக்குள் போயிருக்கிறது. சராசரி அரிப்பு வருடத்துக்கு 1.5 முதல் 2 மீட்டர். பல கிலோமீட்டர் கரையையும் பல பத்தாண்டுகளையும் சேர்த்து வகுத்து எடுத்த எண் இது. உங்கள் தோட்டத்துக்கு அடுத்த மாரியில் என்ன நடக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

ஏனென்றால் அங்கே மேட்டின் அடியில் உள்ள கடற்கரை மணல் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. சில இடங்களில் மணல் நன்றாகத் தாழ்ந்து, அடிக்களிமண் வெளியே தெரியும். உள்ளூரில் இதை 'ஓர்ட்' என்பார்கள். மணல் நிறைந்த இடத்தில் பெரிய புயல் வந்தால்தான் அலை மேட்டைத் தொடும். ஓர்ட் இருக்கும் இடத்திலோ சாதாரண வற்றுப்பெருக்கிலேயே தண்ணீர் வந்து அடியை அறுக்கும். இந்த ஓர்ட் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தெற்கு நோக்கி நகர்கிறது. அது உங்கள் வீட்டுக்கு நேரே வரும்வரை சில வருடங்கள் ஒரு சாண் நிலம்கூடப் போகாமல் இருக்கலாம். வந்துவிட்டால் ஒரே மாரியில் பத்து மீட்டரும் போகலாம். "நாலு வருசமா இங்க ஒண்டுமே போகேல்லை" என்று ஏஜென்ட் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் முறை இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இடத்துக்கு இடம் கதை வேறு. நோர்ஃபோக்கில் ஹெம்ஸ்பி ஊர் மணல்மேட்டில் இருக்கிறது. 2013 டிசம்பர் 5 இரவு வந்த கடற்பெருக்கில் வீடுகள் அப்படியே சரிந்தன. 2018 மார்ச்சிலும் 2023இலும் மறுபடி வீடுகள் போயின. மணல் போவதற்குச் சில மணித்தியாலங்கள் போதும். சசெக்ஸின் வெள்ளைச் சுண்ணப்பாறை நேர்மாறு: வருடக்கணக்கில் அசையாமல் நின்றுவிட்டு, ஒரு நாள் வீட்டளவு பாளம் ஒரே நொடியில் விழும். (அங்கே விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் தயவுசெய்து சத்தம் போடுங்கள்.) ஐல் ஒஃப் வைட்டில் வென்ட்னர் ஊரே பழைய நிலச்சரிவு ஒன்றின்மேல் கட்டப்பட்டது. அங்கே மண்ணை நகர்த்துவதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 டிசம்பரில் பக்கத்துப் பொன்சர்ச்சில் பெரிய சரிவு நடந்தது, மழை மாதங்களுக்குப் பிறகுதான். அங்கே போய்க் கடலுக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து என்ன பயன்?

அந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 45 மீட்டரும் தீர்ந்து பூச்சியமாகும் நாளில் வீடு போகும் என்று நினைக்கிறீர்கள். வீடு அதற்கு நெடுநாள் முன்பே போய்விடும். முதலில் வீதி போகும். வீதியோடு தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கழிவு வாய்க்காலும் போகும். பிறகு ஒரு நாள் கவுன்சில் அதிகாரி கதவைத் தட்டி, இனி இங்கே இருப்பது ஆபத்து, வெளியேறுங்கள் என்பார். இடிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இங்கிலாந்தில் இடிப்புச் செலவுக்கு 6,000 பவுண்ட் வரை அரச உதவி உண்டு. வீட்டுக்கு நட்டஈடு என்று ஒரு பென்ஸ்கூட இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். "அதெப்படி, இன்சூரன்ஸ் இருக்கே?" இல்லை. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, நிலம் தாழ்தல், நிலச்சரிவு பற்றிய பகுதியை வாசியுங்கள். கடலரிப்பாலும் ஆற்றங்கரை அரிப்பாலும் வரும் சேதம் அடங்காது என்று கீழே எழுதியிருக்கும். "அப்ப கவுன்சில் சுவர் கட்டித் தராதா? கவுன்சில் டாக்ஸ் கட்டுறமே?" அதுவும் இல்லை. 1949ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கவுன்சிலுக்குக் கொடுப்பது கட்டுவதற்கான அதிகாரத்தை. கட்டியே தீரவேண்டும் என்ற கடமையை அது சுமத்தவில்லை.

எந்தக் கரையைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பது ஏற்கெனவே எழுதி வைத்த விஷயம். இங்கிலாந்து, வேல்ஸ் கரை முழுவதற்கும் கரையோர மேலாண்மைத் திட்டங்கள் உண்டு. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு கொள்கையை எழுதியிருப்பார்கள்: இருக்கும் கோட்டைக் காப்பது, கோட்டைக் கடல் பக்கம் முன்தள்ளுவது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. அதுவும் மூன்று காலகட்டங்களுக்கு, 2025 வரை, 2055 வரை, 2105 வரை. முதல் கட்டம் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். நேற்றுவரை காக்கப்பட்ட சில துண்டுகள் இப்போது கைவிடும் பட்டியலில் இருக்கின்றன. காப்போம் என்று எழுதியிருந்தாலும் அதற்குக் காசு ஒதுக்கியாயிற்று என்று பொருள் கொள்ளாதீர்கள். வேல்ஸில் ஃபேர்போர்ன் கிராமத்தை 2050களின் நடுப்பகுதிக்கு மேல் காக்கப்போவதில்லை என்ற முடிவு வெளியே தெரிந்ததும் அங்கே வீட்டுக்கடன் எடுப்பதே சிக்கலாகிவிட்டது. கடல் இன்னும் ஊருக்குள் வரவில்லை. வீட்டின் விலையைத் திட்டமே அரித்துவிட்டது.

இந்தத் திட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்துக்குச் சுற்றாடல் முகமையின் கடலரிப்பு வரைபடமும் இருக்கிறது, 2025 தொடக்கத்தில் புதுப்பித்தார்கள். பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. வாங்கும் சோபாவுக்கு மூன்று கிழமை விமர்சனம் வாசிக்கிற நீங்கள் இதை ஏன் பார்ப்பதில்லை?

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆட்கள் என்னிடம் சொல்வது வேறு: "எங்களுக்கே கடலைப் பற்றிச் சொல்லித் தாறீரோ?" அண்ணை, உங்கள் கடலை எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் யாழ்ப்பாணக் கரையில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீட்டரும் வராது. பிரிஸ்டல் கால்வாயில் அது 14 மீட்டரைத் தொடும். வெஸ்டன்-சூப்பர்-மேரில் நீர் வற்றினால் கடலே கண்ணுக்குத் தெரியாது, சேறுதான். இறங்கி நடந்து புதைந்தவர்களை மீட்க ஆட்கள் ஓடிவர வேண்டியிருக்கும். சவுத்எண்டில் இறங்குதுறை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீள்வதன் காரணமும் இதுதான். ஏஜென்ட் வீடு காட்டும் நேரத்துக்கு நீர் ஏறியிருக்கிறதா வற்றியிருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள், இரண்டு நேரத்திலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

வெள்ளம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியதில் இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். எசெக்ஸில் கன்வே தீவும் ஜேவிக்கும் அதிகம் அடிபட்டன. இன்று சுவர்கள் இருக்கின்றன, எச்சரிக்கை முறை இருக்கிறது. வாங்குகிறவர் பார்க்கவேண்டியது காப்புறுதியை. வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் கட்டணத்தைத் தாங்கக்கூடியதாக வைக்கும் ஃபிளட் ரீ திட்டம் 2016இல் தொடங்கியது, 2039இல் முடியும். 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகள் அதில் சேரா. கடலோரப் புத்தம்புது அப்பார்ட்மென்ட்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கவும்.

விளம்பரத்தில் "ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும்" என்று இருந்தால், பெரும்பாலும் வங்கிகள் அந்த வீட்டைத் தொடாது என்று அர்த்தம். எங்கள் ஆட்களோ, நல்லதாய்ப் போச்சு, கையில் காசு இருக்கிறது, போட்டியில்லை என்று மகிழ்கிறார்கள். வங்கி ஏன் விலகியது என்று விசாரியுங்கள். கோர்ன்வாலில் என்றால் காரணம் கடலாக இல்லாமலும் போகலாம். 1950களுக்கு முன் சுரங்கக் கழிவைக் கலந்து வார்த்த கொங்கிரீட் கற்கள் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும், மன்டிக் என்பார்கள். அதற்கென்று ஆய்வுகூடப் பரிசோதனை உண்டு. ஹொலிடே பார்க்கில் விற்கும் லொட்ஜ்களோ வீடே அல்ல. நீங்கள் வாங்குவது குறித்த வருடங்களுக்கான உரிமம் மட்டுமே. பெரும்பாலும் அதை நிரந்தர வதிவிடமாக வைத்திருக்கவும் விடமாட்டார்கள்.

உப்புக்காற்று செய்யும் வேலையையும் சொல்லாமல் விட முடியாது. இரட்டைச் சுவர்களை உள்ளே இணைத்துப் பிடிக்கும் இரும்புத் தகடுகள் கடலோரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். 1981க்கு முன் கட்டிய வீடுகளில் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் மெல்லிசு. கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடைக்கோடாக வெடிப்புகள் தெரிந்தால் தகடுகள் துருவேறி வீங்குகின்றன. கம்பி வகை இணைப்புகள் வீங்கவும் மாட்டா, சத்தமில்லாமல் அறுந்துவிடும், துளை போட்டுக் கமரா விட்டால்தான் தெரியும். மேற்குக் கரையில் சாய்மழை அடிக்கும் வீடுகளில் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் இன்சுலேஷன் அடைத்திருந்தால் ஈரம் உள்சுவருக்கு வரும் வாய்ப்பு அதிகம். பழைய கடல்முகப்பு மாடிகளில் ஃபிளாட் வாங்கினால் சாரம் கட்டிப் பெயின்ட் அடிக்கும் செலவு உங்கள் பங்குக்கும் வரும். ஹோவ் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் ஐந்து வருடத்துக்கொருமுறை பூசியே ஆகவேண்டும். வாங்குமுன் கடைசி மூன்று வருடச் சேவைக் கட்டணக் கணக்கைக் கேளுங்கள்.

வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்கானது, சிலவேளை கணினி முன்னாலிருந்தே முடித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் நிலைச் சர்வே, அதாவது வீட்டை விரிவாகப் பரிசோதிக்கும் சர்வே. அரிபடும் கரையென்றால் மண் தெரிந்த பொறியியலாளர் ஒருவரும் வேண்டும். கரையோரத் திட்டத்தையும் கடலரிப்பையும் தேடித் தரும்படி சொலிசிட்டரிடம் தனியாக எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. பக்கத்து வீட்டுக் கிழவியோடு ஒரு தேநீர் குடித்துப் பாருங்கள், ஏஜென்ட் மறந்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். முடிந்தால் பெப்ரவரியில் ஒரு மாதம் அதே ஊரில் வாடகைக்கு இருங்கள். ஓகஸ்டில் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். கடைகள் பூட்டி, பஸ் குறைந்து, ஆஸ்பத்திரி ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கையில் உங்களுக்கு அந்தக் கடல் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் வாங்கலாம். பாதுகாப்பான கடலோர ஊர்கள் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு, விளிம்பில்தான் வாழவேண்டும் என்றில்லை. இரண்டு தெரு பின்னால் ஏறினாலே கடல் தெரியும்.

ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழமையான ஏலத்தில் சுத்தியல் விழுந்த நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிடும், அந்த இடத்திலேயே 10 சதவீதம் கட்டவேண்டும், பெரும்பாலும் 28 நாளில் மிச்சமும். பத்திரக் கட்டை ஏலத்துக்கு முதல் கிழமையே யாராவது தெரிந்தவரிடம் காட்டுங்கள். என்னிடம் என்றாலும் சரி. சுத்தியல் விழுந்த பிறகு அனுப்பினால், வாசித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது.