ஊர்க்காரர் என்று வெயில் விலகாது

ஆடி பிறந்ததும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தனிக்கூட்டம் வரத் தொடங்கும். பிரான்ஸ், சுவிஸ், கனடா என்று குடிபெயர்ந்து, பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வந்தவர்கள் அவர்கள். காலையில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் கோயிலும் வயலும் உறவினர் வீடுகளும். நண்பகலில் பாசிக்குடா ஹோட்டலில் கடற்குளிப்பும் பியரும். அண்மையில் அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒருவர் தம் மனைவியின் பெயரையே மாற்றிச் சொன்னார். உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸ். கூட வந்தவர்களோ, "அவர் இந்த வெயிலிலேயே வளர்ந்தவர், டொக்டர்" என்றார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வெயிற்பழக்கம் பிறப்போடு ஒட்டி வருவதன்று. நாள்தோறும் வெப்பத்தில் உழலும் உடம்பு ஓரிரு வாரங்களில் முன்கூட்டியே வியர்க்கவும், வியர்வையில் உப்பை மிச்சம்பிடிக்கவும் கற்றுக்கொள்கிறது; குளிர்நாட்டில் ஒரு மாதம் இருந்தாலே அதில் பெரும்பகுதி கழன்றுவிடும். ஆகவே இருபது வருடம் கழித்து வந்திறங்கும் கொக்கட்டிச்சோலைக்காரரும் முதன்முதலாக வரும் வெள்ளைக்காரரும் வெயிலுக்கு ஒன்றுதான். வெள்ளைக்காரராவது தொப்பி போட்டிருப்பார்.

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை சுரந்தவுடனே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்பது வியர்ப்பவருக்கே தெரிவதில்லை. வந்த முதல் வாரமாவது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெளியில் அலையாதீர்கள். நேர்த்திக்கடனை விடியற்காலையில் முடியுங்கள். தண்ணீரும் மோரும் இளநீரும் குடியுங்கள். பியர் அந்தக் கணக்கில் சேராது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், அது நீரை வெளியேற்றும் வகையா என்று புறப்படுமுன்பே தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

வெயிலில் நின்றவருக்குப் பேச்சுக் குழறினாலோ நடை தள்ளாடினாலோ, தயவுசெய்து பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். அது காய்ச்சலுக்கான மருந்து. இந்தச் சூட்டை இறக்காது. உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். சூட்டு உடம்பில் தண்ணீர் பட்டால் சன்னி வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தாலும் ஊற்றுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் சோடா உட்பட எதையும் ஊற்ற வேண்டாம். உட்கிராமங்களுக்கு அம்புலன்ஸ் வந்து சேர நேரமெடுக்கும். அதுவரை வாளியைக் கீழே வைக்காதீர்கள்.